கோப்பையைப் பார்க்காதீர், வாசலைப் பாருங்கள்!

“அண்ணே, இங்கே நல்ல பார் எங்கே இருக்கு?”

கொடைக்கானல் ஏரிக்கரையில், வேகவைத்த கடலையும் சுட்ட மக்காச்சோளமும் விற்கும் முதியவர் ஒருவரிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது நாம் அருகில் நின்றிருந்தோம். கேட்டவர்கள் நால்வர், இளைஞர்கள், சமவெளியின் வெயிலுக்குத் தப்பி வாடகை வண்டியில் வந்து இறங்கியவர்கள். எதிரே ஏரி. ஏரிக்கு அப்பால் மூடுபனி. மூடுபனிக்குள் சோலைக்காடு. இத்தனையும் கண்ணெதிரே விரிந்து கிடக்க, கால் தரையில் பட்டதும் அவர்கள் தேடியது இதைத்தான். முதியவர் சோளக்கதிரைத் திருப்பிப் போட்டபடியே கேட்டார்:

“நல்லதுன்னா எப்படித் தம்பி? உட்கார்றதுக்கா, விழுறதுக்கா?”

நால்வரும் சிரித்தனர். ஒருவர் மட்டும், சிரிப்பு அடங்கியபின் சற்றே சலிப்போடு சொன்னார். வேலை நிமித்தம் ஐரோப்பா சென்று வந்தவர் போலும். “லண்டன்ல, பிராக்ல எல்லாம் தெருவுக்குத் தெரு இருக்கு. குடும்பத்தோட போய் உட்காரலாம். நம்ம ஊர்லதான் இப்படி.”

அவர்கள் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

அந்தக் கேள்வியை ஏளனம் செய்ய நமக்கு விருப்பமில்லை. மேடைதோறும் மதுவின் தீமை பாடிவிட்டு, மேடைக்குப் பின்னால் அதன் இனிமை காணும் உபதேசியார் வரிசையில் நாம் இல்லை. மதுவே மகிழ்ச்சி என்று மயங்கும் கூட்டத்திலும் இல்லை. சங்கப் பாட்டைச் சாட்சிக்கழைத்து, அதியமான் ஊற்றினான், ஔவை பருகினாள், ஆகவே நாமும் பருகுவோம் என்று கோப்பை தூக்கும் புலவர் பெருமக்களும் உண்டு. அவர்களை அவர்கள் இலக்கியத்தோடு விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது ஒன்றே. “நல்ல” மதுக்கூடம் என்றாரே, அந்த “நல்ல” என்ற சொல்லுக்கு எடைக்கல் எது?

ஐரோப்பாவைச் சொன்னார் இளைஞர். சரி, ஐரோப்பாவிலிருந்தே தொடங்குவோம்.

ஆங்கிலேயன் ‘பப்’ என்று சுருக்கிச் சொல்வதன் விரிவு, ‘பொது வீடு’ என்பது. பெயரிலேயே பொதுமை இருக்கிறது. நகரத்துக்குப் புதிதாக வந்தவன் நல்ல பப்பைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அந்த வீடு எவருடையது என்று பார்க்கச் சொல்வார்கள் விவரம் அறிந்தவர்கள். பெரிய மதுவாலை ஒன்றுக்குக் கட்டுப்பட்ட வீடா, தன் விருப்பப்படி நாலு ஆலைச் சரக்கையும் வாங்கி வைக்கும் தனி வீடா? நிலவறையில் மிடாவிலேயே புளித்து முதிரும் ஏல் கிடைக்குமா, ஆலையிலேயே அடைத்து அனுப்பிய நுரைநீர்தானா? இந்த வேறுபாட்டைக் காப்பதற்கென்றே 1971 இல் நான்கு பேர் கூடி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ‘கேம்ரா’ என்பது அதன் பெயர். பெரு முதலாளிகளின் ஆலைகள் ஊருக்கு ஊர் வேறுபட்ட சுவையை விழுங்கி ஒரே சுவையாக்கி வந்தபோது, குடிப்பவர்களே சங்கம் சேர்ந்து தடுத்தார்கள். குடிப்பவனுக்கும் உரிமை உண்டு, அதைக் கேட்க அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அதே 1971 இல் நம் நாட்டில் நடந்தது என்ன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

வியன்னா நகரின் ஓரத்தில், திராட்சை பயிரிடுவோன் தன் தோட்டத்து மதுவைத் தன் வீட்டிலேயே விற்கிறான். 1784 இல் இரண்டாம் ஜோசப் மன்னன் தந்த உரிமை அது. வாசலில் ஊசியிலைக் கிளை ஒன்று தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். விளம்பரப் பலகை வேண்டாம். மியூனிக் நகரில் செஸ்ட்நட் மர நிழலில் நீண்ட பலகைகள். 1812 இல் பவேரிய மன்னன், ஆலைக்காரர் தம் நிலவறை வாசலிலேயே பீர் விற்கலாம், சமைத்த உணவு விற்கக் கூடாது என்று ஆணையிட்டான். விளைவு? மக்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து அமர்ந்தார்கள். இன்றும் அந்தத் தோட்டங்களில் தன் வீட்டு உணவைத் தானே கொண்டுவந்து உண்ணலாம். பீருக்கு மட்டும் காசு. பிராக் நகரத்துக் கூடத்தில் பரிமாறுவோர் ஒவ்வொரு கோப்பைக்கும் மேசை மீதிருக்கும் துண்டுச் சீட்டில் ஒரு கோடு கிழிப்பார். கோட்டை எண்ணினால் கணக்கு. மறைவில்லை, மயக்கமில்லை.

கேட்க இன்பமாக இருக்கிறது. இளைஞர் சலித்துக்கொண்டதில் நியாயம் இருப்பதாகவும் தோன்றுகிறது. ஆனால் தோழர்களே, மேல்நாட்டைக் கண்டதும் மண்டியிடும் பழக்கம் நமக்கு வேண்டாம். அந்தப் ‘பொது வீட்டின்’ வாசலில் எத்தனை காலம் எத்தனை பேர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

ஒரே பப்புக்குள் இரண்டு அறைகள் இருந்தன. ஒன்று பாட்டாளிக்கு: வெறுந்தரை, மரப்பலகை. மற்றொன்று கனவானுக்கு: கம்பளம், மெத்தை. சரக்கு ஒன்றே, கம்பளத்து அறையில் விலை மட்டும் சற்றுக் கூடுதல். வியர்வை நாற்றம் தன் மூக்கில் படாமலிருக்கக் கனவான் செலுத்திய வரி அது! பெண்களின் நிலை? லண்டனில் செய்தித்தாள் நிலையங்கள் நிறைந்த பிளீட் தெருவின் புகழ்பெற்ற ஒரு மதுக்கூடத்தில், பெண்கள் முன்மேடையருகே நின்று மது கேட்க முடியாது. பின்னறையில் போய் அமர்ந்தால்தான் கிடைக்கும். வழக்கறிஞர் ஒருவரும் பத்திரிகையாளர் ஒருவருமாக இரு பெண்கள் வழக்காடி, அது சட்டத்துக்கு முரண் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1982 இல். ஆம், 1982 இல்! நாடாளுமன்றங்களின் தாய் என்று மார்தட்டிக்கொள்ளும் நாட்டில்!

நிறபேதம் அதனினும் கொடிது. 1964 இல் பிரிஸ்டல் நகரில் பால் ஸ்டீவன்சன் என்ற கறுப்பர் ஒரு பப்பில் அமர்ந்திருந்தார். ‘வெளியே போ’ என்றார்கள். போக மறுத்தார். காவலர் வந்து கைது செய்தனர், வழக்குப் போட்டனர், வழக்குத் தள்ளுபடியாயிற்று. பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக் ஊரில், இரும்பு வார்ப்படச் சாலைகளில் உடல் வெந்து உழைத்த பஞ்சாபித் தொழிலாளர்கள், மாலையில் அதே ஊரின் மதுக்கூடத்தில் எல்லா அறைகளிலும் அமர முடியவில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அவ்தார் சிங் ஜோல் போன்றோர் வெள்ளை மாணவர்களையும் துணைக்கழைத்து, விலக்கி வைத்த அறைகளுக்குள் வேண்டுமென்றே நுழைந்து மது கேட்டார்கள். 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கே வந்தார். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில், பொது இடங்களில் நிறம் பார்த்து வாசலடைப்பது சட்டத்துக்கு விரோதம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. இன்று அந்த வட்டாரத்தில், பஞ்சாபிகளே நடத்தும் பப்புகளில் கறுப்பரும் வெள்ளையரும் தோளோடு தோள் உரச அமர்ந்து பீர் பருகி, தந்தூரி கோழி உண்கிறார்கள்.

இளைஞர் கண்டது ஒரு முடிவை. அதற்கு முன்னிருந்த போராட்டம் அவர் கண்ணில் படவில்லை. நல்ல மதுக்கூடம் நல்லதானது சரக்கால் அன்று. எவரை உள்ளே விடுவது, எந்த இருக்கையில் அமர்த்துவது என்ற வழக்கு அங்கே தீர்க்கப்பட்டிருக்கிறது. இந்த எடைக்கல்லோடு மலைக்குத் திரும்புவோம்.

பழனி மலைத்தொடரின் உச்சியில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், இந்த ஊரை எழுப்பியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சி மேலேறி, 1845 இல் வீடு கட்டினார்கள். 1863 இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியாக்கினார். 1887 இல் கிளப் பிறந்தது. பிரிட்டிஷார் குடியேறிய மலைவாசம் ஒவ்வொன்றிலும் கிளப் ஒன்று எழுந்தது. கோயில் இல்லாத ஊரில் குடியிருக்க வேண்டாம் என்று நம்மவர் சொன்னதுபோல, கிளப் இல்லாத மலையில் குடியேற அவர்கள் மனம் ஒப்பவில்லை போலும்!

துரைமார் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள்? மோட்டார்ப் பாதை அமைவதற்கு முன், பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து நாற்காலியில் அமர்ந்து வந்தார்கள். நாற்காலி தானாக நடக்காது. அதைத் தோளில் சுமந்து செங்குத்தான பாதையில் ஏறியவன் தமிழன். பெட்டியும் பேழையும் சுமந்தவன் அவன். புட்டிகள் நிறைந்த மரப்பெட்டியை, ஒன்றும் உடையாமல், உச்சி வரை கொண்டு சேர்த்தவனும் அவனே. சுமை இறங்கியதும் அவன் நின்ற இடம் வாசலுக்கு வெளியே. அந்நாளின் வெள்ளையர் கிளப்களில் இந்தியன் நுழைய முடிந்த உடை ஒன்றே ஒன்று: பரிமாறுபவனின் உடை. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்தவர்களும், காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியரும் அந்த விளக்கொளியைத் தொலைவிலிருந்துதான் கண்டிருப்பார்கள்.

வெள்ளையன் போய்விட்டான். வாசல் போயிற்றா?

2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கத்தில் என்ன நடந்தது என்பதை நாடறியும். ஒரு நூல் வெளியீட்டுக்கு வேட்டி உடுத்திச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதியைக் கிரிக்கெட் சங்கக் கிளப் வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிற்று. தமிழ்நாட்டுத் தலைநகரில், தமிழன் உடையில், தமிழ்நாட்டின் நீதிபதி! நாடு கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றி, அப்படித் தடுப்பது குற்றம் என்றது. நல்லது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: விடுதலை பெற்று 67 ஆண்டுகள் கழிந்த பின்னும், வேட்டி உள்ளே போகச் சட்டம் தேவைப்பட்டது. நீதிபதிக்கே இந்த நிலை என்றால், சோளம் விற்கும் முதியவரின் அழுக்கு வேட்டிக்கு எந்தச் சட்டம் துணை வரும்?

இன்றைய ஏற்பாட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மது அருந்தும் இடத்துக்கு மூன்று வாசல்கள். கிளப்புக்கு ஓர் உரிமம். அரசின் ஏடுகளில் அதற்கு ‘மனமகிழ் மன்றம்’ என்று அழகிய பெயர். நட்சத்திர விடுதிக்கு மற்றோர் உரிமம். அங்கே குளிரூட்டிய கூடம், மெல்லிசை, பளிங்குக் கோப்பை. மூன்றாவது வாசல், டாஸ்மாக் கடையை ஒட்டிய பார். உழைப்பாளி நுழையக் கூடியது அந்த மூன்றாவதுதான். அதற்கு விடப்படும் ஏலத்தின் வாசகம் என்ன தெரியுமா? தின்பண்டம் விற்கும் உரிமை, காலிப் புட்டி சேகரிக்கும் உரிமை. உள்ளே வந்து அமரும் மனிதனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. புட்டிக்கு இருக்கிற மதிப்பு புட்டியைக் காலி செய்தவனுக்கு இல்லை! பல ஊர்களில் அந்தக் கூடங்களை நாம் கண்டிருக்கிறோம். தகரக் கூரை, ஈரத் தரை, ஒரு மங்கல் விளக்கு, காறித் துப்பிய சுவர். முகம் கழுவ நீரில்லை. கழிப்பறை என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஒரு பெண் காலெடுத்து வைப்பதை நினைக்கவும் முடியாது. “விழுறதுக்கா?” என்று முதியவர் கேட்டது இதைத்தான்.

மனமகிழ் மன்றத்தில் குடிப்பவன் ‘சமூகப் பழக்கமுள்ளவன்’. தகரக் கொட்டகையில் குடிப்பவன் ‘குடிகாரன்’. சரக்கும் ஒன்றே, வெறியும் ஒன்றே, நாற்காலிதான் வேறு. தென்மாவட்டங்களின் தேநீர்க் கடைகளில் ஒருவனுக்குக் கண்ணாடிக் குவளை, இன்னொருவனுக்குத் தகரக் குவளை என்றிருந்த இரட்டைக் குவளைக் கொடுமையை எதிர்த்துத் தொண்டை வறளப் பேசியவர்கள் நாம். அது இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. 1957 இல் திருவல்லிக்கேணி உணவு விடுதி ஒன்றின் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் நீடிப்பதா என்று பெரியார் மறியல் தொடங்கியபோது, ஒரு பலகைக்கு இத்தனை பாடா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பலகை என்பது வாசலின் வாய். யாரை ‘வா’ என்கிறது, யாரை ‘அப்பால் போ’ என்கிறது என்று கேட்பதுதான் தன்மான இயக்கத்தின் வேலை. தேநீர்க் கடையில் கேட்ட கேள்வியை மதுக்கூடத்தில் மட்டும் கேட்கக் கூச்சப்படுவானேன்?

மதுவிலக்கு என்று ஒன்று இருந்ததே, அப்போது எல்லாரும் சமமாக இருந்தார்களா என்று சிலர் கேட்பர். 1937 இல் இராசகோபாலாச்சாரியார் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். 1948 இல் சென்னை மாகாணம் முழுதும் பரவிற்று. அப்போதும் வாசல் முற்றாக மூடவில்லை. வெள்ளையருக்கும் வசதியுள்ளோர்க்கும் ‘பெர்மிட்’ என்ற சிறு திட்டிவாசல் திறந்தே இருந்தது. பனையடியில் பிடிபட்டவனுக்குச் சிறை. பெர்மிட் பெற்றவனுக்குச் சோடா! 1921 இல் சேலத்துத் தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார், பின்னாளில் சட்டத்தைக் காட்டிக் குடியை ஒழிக்கும் முயற்சியைக் கண்டித்துப் பேசியதன் காரணம் இங்கே ஓரளவு விளங்கும்.

பின்னர் 1971 இல் கதவு திறந்தது. திறந்தவர்கள் நம்மவரே, மறைப்பானேன்? அண்ணா தம் ஆட்சிக் காலத்தில் திறக்க இசையாத கதவு அது. 1974 இல் மீண்டும் மூடினார்கள். 1981 இல் மீண்டும் திறந்தது. 1983 இல் மொத்த வியாபாரத்துக்கு வாணிபக் கழகம். 2003 முதல் சில்லறை வியாபாரமும் அதன் கையில். 2023–24 ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கட்சிக்குக் கட்சி குற்றம் சாட்டுவர். கடைக்குக் கடை ஆட்சி மாறியும் பலகை மாறவில்லை. இங்கிலாந்தில் குடிப்பவர் சங்கம் கண்ட அதே ஆண்டில் இங்கே திறந்த கடையில், குடிப்பவனைக் கேட்பாரில்லை, குடிக்காதவனைக் கேட்பாரில்லை, கடையில் நிற்கும் விற்பனையாளரைக் கேட்பாருமில்லை. நிரந்தரப் பணியும் முறையான ஊதியமும் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகக் குரலெழுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

விற்கும் சரக்கின் பெயரையாவது கவனித்ததுண்டா? ‘இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது’! உள்ளூரில் காய்ச்சுவது, ஊரார் கையில் விற்பது, பெயர் மட்டும் கடல் கடந்தது. வியன்னாக்காரன் தன் தோட்டத்துத் திராட்சை மதுவைத் தன் முற்றத்தில் விற்கிறான். நம் பனையேறி, தன் மரத்துக் கள்ளைத் தன் முற்றத்தில் விற்றால் 1987 முதல் குற்றவாளி. மலைக்கு மேற்கே எல்லை தாண்டினால் கேரளம்; அங்கே கள்ளுக்கடையில் மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்துப் பகலிலேயே பரிமாறுகிறார்கள். பனை தமிழ்நாட்டின் மாநில மரமாம்! மரத்துக்கு மகுடம், ஏறுபவனுக்கு விலங்கு. கள் நல்லதா கெட்டதா என்று மருத்துவர் சொல்லட்டும். ஆலை முதலாளியின் புட்டிக்கு ஒரு நீதி, பனையேறியின் கலயத்துக்கு ஒரு நீதி என்பதை நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மலைக்கு வருவோர் சொல்லும் சாக்கு ஒன்று உண்டு. “குளிருக்கு இதமாக” என்பார்கள். பகுத்தறிவு பேசுவோர் இதற்கு மறுமொழி சொல்லாமல் விடலாகாது. மது உள்ளே போனதும் தோலின் குருதிக் குழாய்கள் விரிகின்றன. உள்ளிருந்த வெப்பம் வெளித்தோலுக்கு வருகிறது. முகம் சிவக்கிறது, சூடேறியது போல் தோன்றுகிறது. ஆனால் அந்த வெப்பம் காற்றில் கலந்து போக, உடலின் உட்பகுதி முன்னினும் குளிர்கிறது. நடுக்கமாவது எச்சரிக்கும்; மயக்கம் அதையும் அடக்கிவிடும். குளிரைப் போக்கக் குடிப்பது, கதவைத் திறந்து வைத்து அடுப்பில் விறகு போடுவதற்கு ஒப்பாகும். கம்பளி வாங்குங்கள். மலைச் சந்தையில் மலிவாகவே கிடைக்கிறது.

மற்றொன்று. லண்டனிலும் பிராகிலும் குடித்தவன் நடந்தோ தொடர்வண்டியிலோ வீடு சேர்கிறான். கொடைக்கானலிலோ, வத்தலக்குண்டு வழியாயினும் பழனி வழியாயினும், கொண்டையூசி வளைவுகளில் இறங்க வேண்டும். ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம். 100 மில்லி குருதியில் 30 மில்லிகிராம் மதுவுக்கு மேலிருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது நம் சட்டம். இங்கிலாந்தில் எல்லை 80. ஏட்டில் நாம் கடுமையானவர்கள்! அந்த ஏட்டை வளைவுக்கு வளைவு நின்று படித்துக் காட்டத்தான் ஆளில்லை.

கூடம் கிடைக்காதவர்கள், அல்லது தகரக் கூடத்தைக் கண்டு முகம் சுளித்தவர்கள் என்ன செய்கிறார்கள்? காட்டையே கூடமாக்குகிறார்கள். வட்டக்கானல் பாதையில், காட்சிமுனைப் பாறைகளில், சோலைக்காட்டு ஓடையோரத்தில், காரை நிறுத்திவிட்டு மூடியைத் திருகுகிறார்கள். அங்கே விளக்கு வேண்டாம், வாடகை வேண்டாம், கேட்பாருமில்லை. முடிந்ததும் புட்டி பாறையில் மோதி நொறுங்குகிறது. அந்த ஓசைக்கு ஒரு கைதட்டல்! குறிஞ்சி பூக்கப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும் மலைச்சரிவில், கண்ணாடிச் சில்லு நாள்தோறும் பூக்கிறது. காட்டுமாடுகள் அந்த வழிதான் வருகின்றன. விறகு பொறுக்கும் பெண்கள் வெறுங்காலோடு அந்த வழிதான் வருகிறார்கள். லண்டன் பப்பில் பணிவோடு வரிசையில் நின்று, ‘நன்றி’ சொல்லிக் கோப்பை வாங்கிய அதே இளைஞர் இங்கே புட்டியை வீசுகிறார் என்றால், அது மதுவின் குணமாகாது. அங்கே வேறொருவர் வீட்டில் இருக்கிறோம் என்ற எண்ணம் இருந்தது. இங்கே எவர் வீட்டிலும் இல்லை என்ற எண்ணம் இருக்கிறது. துரை விட்டுச் சென்ற எண்ணம் அது. மலை என்பது இன்பம் துய்க்க ஏறும் இடம். அங்கே வாழ்வோர் சுமை தூக்கப் பிறந்தோர்!

மலையேறும்போது சோதனைச் சாவடியில் நெகிழித் தண்ணீர்ப் புட்டியைத் தேடிப் பறிக்கிறார்கள். சரியான செயல், பாராட்டுகிறோம். தண்ணீர்ப் புட்டிக்குத் தடை போட்ட மலையில், கண்ணாடி மதுப்புட்டியை அரசே விற்கிறது. யானையின் காலைச் சில்லு கிழிக்கிறது என்ற கவலை உயர்நீதிமன்றம் வரை சென்று, 2022 இல் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது: புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கு, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடு. பின்னர் கொடைக்கானல் முதலிய மலைகளுக்கும் அது விரிந்தது. நல்ல திட்டமே. ஆனால் அதன் நடைமுறையைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து மலையேறியவருக்குப் பத்து ரூபாய் ஒரு பொருட்டா? அவர் வீசிச் செல்வார். பத்து ரூபாய் பொருட்டாக இருப்பவர் குனிந்து எடுப்பார். நொறுங்கிய புட்டிக்கோ பத்து ரூபாயும் இல்லை. அதைப் பொறுக்குவது தூய்மைப் பணியாளரின் வெறுங்கை. அன்று நிறைபுட்டியைச் சுமந்து ஏறியவனின் பேரப்பிள்ளை, இன்று காலிப் புட்டியைச் சுமந்து இறங்குகிறான்.

ஆகவே கேட்கிறோம். குடிக்க வருவோர்க்கு நாள்தோறும் சரக்கு விற்கும் அரசு, அவர்கள் மனிதராக அமர ஓரிடம் ஏன் தரக் கூடாது? வெளிச்சம் வேண்டும், நாற்காலி வேண்டும், குடிநீரும் கழிப்பறையும் வேண்டும், விலைப்பலகை வாசலில் தொங்க வேண்டும், சூடான உணவு வேண்டும், பெண்ணொருத்தி தன் கணவனை அழைத்துப் போக உள்ளே வந்தால் அவளை ஏறிட்டுப் பார்க்காத ஒழுங்கு வேண்டும். இத்தனையும் தர முடியாதென்றால் அந்த இடத்தில் கடை வேண்டாம். ஊர் மக்கள் கூடி வேண்டாம் என்று சொன்னால், அந்தச் சொல்லே முடிவாகட்டும். 2017 இல் ஊர்தோறும் பெண்கள் கடைவாசலில் திரண்டு நின்றார்களே, அவர்களுக்கு இல்லாத தீர்ப்புரிமை வேறெவருக்கு உண்டு? வனத்தின் எல்லைக்குள் ஒரு புட்டியும் போகக் கூடாது. 2024 மே முதல் மலையேற இ-பாஸ் வேண்டுமென்று நீதிமன்றம் வைத்த ஏற்பாட்டில், வண்டியின் எண்ணைக் கேட்பவர்கள் வண்டிக்குள் இருக்கும் கண்ணாடியையும் எண்ணிக் குறிக்கட்டும். இறங்கும்போது எண்ணிக்கை குறைந்தால் பத்து ரூபாய் போதாது, உறைக்கும்படி வாங்கட்டும். அந்தப் பணம் சில்லு பொறுக்குவோரின் கையுறைக்கும் காலணிக்கும் கூலிக்கும் போகட்டும்.

கனவான்கள் சினப்பார்கள். “குடிப்பதற்கும் தன்மானத்துக்கும் என்ன உறவு?” என்பார்கள். மூக்குச் சுளிக்காமல் ஒருநாள், மனமகிழ் மன்றத்தின் மெத்தையை விட்டு எழுந்து, அந்தத் தகரக் கொட்டகையில் அரைமணி நேரம் அமர்ந்துவிட்டு வந்து பேசட்டும். விடை அவர்களே சொல்வார்கள்.

மறுநாள் விடியலில் நாம் மீண்டும் ஏரிக்கரைக்குச் சென்றோம். பனி விலகவில்லை. முதியவர் இன்னும் அடுப்பு மூட்டவில்லை. கடைக்கு முன்னால் குந்தி அமர்ந்து, பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதில் பச்சைச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். “நேத்து வந்த பசங்களா?” என்று கேட்டோம். “யாரோ, யாரு கண்டா” என்றார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. செய்தித்தாளை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அடுப்புக்குக் கரி எடுக்கப் போனார்.